களிம்பும் கிரயமும்: பழநாணயங்களைத் துலக்கி விற்பது பற்றி

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அணித்தாக, வராகமூர்த்தியின் சந்நிதியையும் அதன் அகன்ற திருக்குளத்தையும் சுற்றி அமைந்த ஸ்ரீவராகத்தில், தமிழும் மலையாளமும் ஒரே நாவில் பேதமின்றிப் புழங்கும் பழங்குடும்பங்கள் பல இன்றும் வாழ்கின்றன. வீடு பாகம் பிரியும்போதோ, ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பத் தீர்மானிக்கும்போதோ, பூஜை அலமாரியின் மூலையிலிருந்தும் பாட்டியின் தகரப் பெட்டியின் அடியிலிருந்தும் துணி முடிச்சுகள் வெளிவருகின்றன. முடிச்சை அவிழ்த்தால் சக்கரமும் பணமும் காசும், விக்டோரியா மகாராணி ரூபாய்கள் சிலவும், சந்தனமும் குங்குமமும் அப்பிய ஏதோ ஒரு செப்புத் துண்டும் உதிர்கின்றன. இவற்றை விற்றுவிடுவது என்று முடிவானபின், கடைக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் மாலை வீட்டில் நடக்கும் காரியம் ஒன்று உண்டு. புளி கரைக்கப்படுகிறது, அல்லது விபூதியும் பழந்துணியும் எடுத்து வைக்கப்படுகின்றன, சற்று நவீனமான வீடாயின் பற்பசை. அழுக்கோடு ஒரு பொருளைப் பிறர் கையில் கொடுப்பது மரியாதையல்ல என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆனால் அந்த நல்லெண்ணத்தினால் ஓர் இரவில் அழிந்துபோகும் விலையையும், விலையைவிடப் பெரிதாகிய சரித்திரச் சான்றையும் கணக்கிட்டால், பழநாணயங்களுக்குக் கள்வரால் நேர்ந்த சேதத்தைவிடக் குடும்பத்தாரின் சுத்தப்பற்றினால் நேர்ந்த சேதமே அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த விஷயத்தில் நாணயச் சேகரிப்பாளர்களுக்கும், தொல்பொருள் ஆராய்ச்சியாளர்களுக்கும், ரசாயன அறிஞர்களுக்கும் தனித்தனி அபிப்பிராயங்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. அவற்றை நிதானமாகப் பரிசீலித்துப் பார்த்ததில் என் துணிபு இது: நாணயத்தைத் துலக்கலாமா என்பது ஒரு கேள்வி, விற்கிறவன் துலக்கலாமா என்பது வேறொரு கேள்வி, முதலாவதற்குப் பல விடைகள் இருக்கக்கூடும், இரண்டாவதற்கு ஒரே விடைதான்.

முதலில் இந்த ஊர் முடிச்சுகளில் கிடைப்பது இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சியோடு இணையும்வரை தனக்கென நாணயம் அச்சிட்டு வழங்கிய நாடு. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்பது அதன் வாய்பாடு. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்கவேண்டும். அந்த அரைச் சக்கரத்தை எண்ணி வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளே இன்று விற்கவருகிறவர்கள். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. கிராமில் மூன்றிலொரு பங்கை ஒட்டிய எடைதான் இருக்கும், விரல் நுனியில் ஒட்டிக்கொண்டால் தேடவேண்டும். இவற்றை ஒன்றொன்றாக எண்ணுவது மனிதருக்கு ஆகிற காரியமல்ல என்பதால், சிறு குழிகள் வரிசை வரிசையாகக் குடைந்த மரப்பலகையொன்றைக் கஜானாக்களிலும் வியாபாரிகளின் கடைகளிலும் வைத்திருந்தார்கள். ஒரு கை சக்கரத்தை அதன்மேல் கொட்டி ஆட்டினால் குழிக்கொன்றாக விழுந்து நிறையும், மிஞ்சியதை வழித்துவிட்டால் கணக்குச் சரி. இப்படிப் பலகையில் உருண்டும் மடியில் உரசியும் தேய்ந்த காசுகளின் பொறிப்பு இயல்பாகவே மேலோட்டமானது. தலைமயிரின் கனமேயுள்ள அந்தப் புடைப்பில் திராவகம் ஒரு நிமிஷம் நின்றாலே, பொறித்த சங்குச் சின்னம் இருந்த இடம் தெரியாது. ஆகவே, தடித்த பிரிட்டிஷ் ரூபாய் தாங்கிக்கொள்ளும் கொடுமையைச் சக்கரம் தாங்காது என்பதை முதலிலேயே மனத்திற்கொள்ளவேண்டும்.

நாணயத்தின்மேல் காணப்படுவன எல்லாவற்றையும் அழுக்கு என்ற ஒரே பெயரால் வழங்குவதுதான் குழப்பத்துக்கு மூலம். மண், எண்ணெய்ப்பிசுக்கு, சந்தனம், குங்குமம், மெழுகு ஆகியன வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. இவை அகன்றாலும் நாணயம் நாணயமாகவே இருக்கும். வெள்ளியின் கருமையும் செம்பின் பழுப்பும் அப்படிப்பட்டவையல்ல. அவை அந்த உலோகமே காற்றோடும் ஈரத்தோடும் கந்தகத்தோடும் கூடி வேறு உருக்கொண்டவை. ஆகையால் கருமையை எடுப்பவன் வெள்ளியை எடுக்கிறான். பச்சையை எடுப்பவன் செம்பை எடுக்கிறான். சைவ சித்தாந்திகள் ஆன்மாவைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் செம்பிலுள்ள களிம்பை உவமை காட்டுவர். செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு என்பது அவர்கள் கொள்கை. ரசகுளிகை பட்டுக் களிம்பு நீங்கினால் செம்பு பொன்னாகும் என்றும் அவர்கள் மேலே சொல்லுவார்கள். நாணயச் சந்தையில் மாத்திரம் களிம்பு நீங்கிய செம்பு பொன்னாவதில்லை. எடைக்குப் போடும் செம்பாகவே இறங்கிவிடுகிறது.

செம்பின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். புதிதாக அச்சடித்த செப்புக்காசின் மேல் நாளடைவில் முதலில் சிவந்த ஆக்ஸைடுப் படலம் ஒன்று படிகிறது. அதன்மேல் கரியதும், மண்ணில் புதைந்து கிடந்தால் பச்சை நிறமான கார்பனேட்டும் படிகின்றன. பலநூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்த காசில் இந்த மாற்றம் உட்சென்றுகொண்டே இருப்பதனால், காசு அச்சிடப்பட்ட அன்று இருந்த மேற்பரப்பு, அதாவது எழுத்தும் உருவமும் இருக்கும் பரப்பு, இப்போது உலோகத்தில் இல்லை. சிவந்த படலத்திலும் பச்சைப் படலத்திலுமே அது பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சம்பழத்திலுள்ள சிட்ரிக் அமிலமும் இந்தப் படலங்களைக் கரைப்பதில் மகாநிபுணர்கள். குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்க்கும்போது நாம் போற்றும் குணமும் இதுவேதான். விளக்கில் இழப்பதற்கு எழுத்து இல்லை. காசில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கரைந்தபின் அடியில் எஞ்சுவது குழிகுழியான, ரோஜா நிறத்தில் பளபளக்கும், தோலுரித்தாற்போன்ற செம்பு. அந்த நிறம் பழஞ்செம்பில் இயற்கையாக ஒருபோதும் இராது என்பதை வியாபாரி வாசலிலேயே கண்டுகொள்கிறார். பாண்டியரின் மீன்காசும், ராஜராஜனின் நின்ற உருவக் காசும், நாயக்கர் காலத்துச் சிறுகாசும் இந்த ரோஜா நிறத்தோடு சந்தைக்கு வருவதைப் பார்க்கையில், புளியமரம் தென்னாட்டில் இத்தனை செழித்து வளர்ந்திருக்க வேண்டாமே என்று வருந்தத் தோன்றும்.

செம்பில் பச்சை எல்லாம் ஒன்றல்ல என்பது இன்னொரு நுட்பம். கரும்பச்சையாய், வழவழப்பாய், நகத்தால் சுரண்டினால் பெயராமல் இருப்பது உறுதியான களிம்பு. அது காசைக் காக்கும் கவசம். வெளிறிய பச்சையாய், மாவுபோலப் பொடியாய், இன்றைக்குத் துடைத்தால் மழைக்காலத்தில் மறுபடி பூப்பது வேறு ரகம், அது வியாதி. காசின் உள்ளே குளோரைடு உப்பு தங்கியிருக்குமாயின், காற்றின் ஈரம் பட்டதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பிறப்பிக்கிறது. அமிலம் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகிறது. அந்தக் குளோரைடு மறுபடி ஈரத்துக்குக் காத்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்தை ஒட்டி அதற்குக் கீழே இருந்தால் இந்தச் சுழற்சி அடங்கிக் கிடக்கும் என்பது அறிஞர் கணக்கு. கடலோரமான திருவனந்தபுரத்தில் அத்தகைய வறட்சிக்கு எங்கே போவது? இந்த வியாதிக்குப் புளியும் உப்பும் கலந்த வீட்டு மருந்து நெருப்பில் நெய் வார்ப்பதே. ஏனெனில் சாப்பாட்டு உப்பு என்பதே குளோரைடு. விளக்குத் தேய்க்கையில் புளியோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்ப்பது நம் வீடுகளின் வழக்கம். அவ்வாறு தேய்த்த காசு விற்கும் அன்று மின்னும். வாங்கினவருடைய ஆல்பத்தில் இரண்டு மழைக்காலத்துக்குப் பின் பொரிந்துவிடும்.

2014இல் கொல்லம் துறைமுகத்தில் ஆழப்படுத்தும் வேலை நடந்தபோது, கடலடியிலிருந்து வாரிய மணலோடு சதுரத் துளையுள்ள சீனக் காசுகள் ஏராளமாக வெளிவந்த செய்தியை நேயர்கள் நினைவுகூரலாம். பழைய கொல்லத்துக்கும் சீனத்துக்கும் இடையே நடந்த வர்த்தகத்துக்கு இத்தனை கண்கூடான சாட்சி அதுவரை அங்கே கைக்கு அகப்பட்டதில்லை. கடலுப்பில் நூற்றாண்டுக் கணக்கில் ஊறிய செப்புக் கலவைக் காசு, வெளியே எடுத்த கணத்திலிருந்து மேற்சொன்ன வியாதிக்கு இலக்காகிறது. உப்பு முழுதும் வெளியேறும்வரை மாதக்கணக்கில் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்கும் பொறுமை ஆய்வுக்கூடத்துக்கு உண்டு, கரையில் பொறுக்கி எடுத்தவருக்கு இராது. சுத்தம் செய்வது இன்றியமையாததாகிற இடம் இது. அதே சமயம் வீட்டில் செய்யவே கூடாத இடமும் இதுதான்.

இனி வெள்ளி. வெள்ளியைக் கறுக்கச் செய்வது காற்றிலுள்ள கந்தக வாயு. அந்தப் படலம் மெல்லியதாக இருக்கையில் வைக்கோல் மஞ்சளாகவும், பின்னர் செந்நீலமாகவும், நீலமாகவும், கடைசியில் கருமையாகவும் தோன்றும். ஒரே ரூபாயின் ஓரத்தில் இவ்வண்ணங்கள் யாவும் வளையம் வளையமாக அமைந்திருந்தால், சேகரிப்பாளர்கள் அதை ‘டோனிங்’ என்று கொண்டாடி அதற்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். நம்மவர் அதையே ‘கறை’ என்று கருதி விபூதியிட்டுத் தேய்க்கிறார்கள். விபூதி மிருதுவானதுதானே என்பார் சிலர். சாம்பலிலும் மணல் துகள் உண்டு, செங்கற்பொடியில் கேட்கவே வேண்டாம். வெள்ளி மிருதுவான உலோகம். படிக மணலோ எஃகையும் கீறும்.

வெள்ளி ரூபாயின் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்தால் தேய்ப்பதன் விபரீதம் விளங்கும். அச்சு மோதுகையில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு கணம் குழம்பாகவே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் தடங்கள் ஆரைகளைப்போலக் கண்ணுக்குத் தெரியாத கோடுகளாய் மேற்பரப்பில் நின்றுவிடுகின்றன. புழங்காத நாணயத்தை விளக்கின்கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், ஒளிக்கீற்று ஒன்று வண்டிச்சக்கரத்தின் ஆரைபோல அதன்மேல் சுற்றிவருவது இந்தக் கோடுகளால்தான். ‘லஸ்டர்’ என்று வியாபாரிகள் சொல்லும் பொருள் அதுவே. தேய்த்த ரூபாயும் மின்னும். ஆனால் அதைச் சாய்த்தால் கீற்றுச் சுழலாது, தட்டையான ஒரு வெண்மை எல்லாப் பக்கத்திலும் ஒரேபடியாக நிற்கும், அதற்குள் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். ஆ. மாதவனின் கதைகளால் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த சாலைக் கடைத்தெருவின் பக்கத்துச் சந்தொன்றில், பழநாணயம் வாங்கும் ஒருவர் இதைச் சோதிக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறேன். பூதக்கண்ணாடியை எடுப்பதற்கு முன்பே அவர் நாணயத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து, மேசை விளக்கின் கீழே ஒரு தரம் சாய்ப்பார்; முகத்தில் ஒரு மாறுதலும் இராது; “பாலீஷ் போட்டுட்டீங்களே சார்” என்று சொல்லி, எடைத்தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வார். அதன்பின் நடப்பது வெள்ளி வியாபாரம், நாணய வியாபாரம் அன்று.

அபூர்வம் என்பது பல சமயம் குன்றிமணியளவு இடத்தில் அடங்கிக் கிடக்கிறது. விக்டோரியா ரூபாய்களில் 1862 என்ற ஆண்டு, 1874இல் ஆண்டை மாற்றும் வழக்கம் திரும்பும்வரை தொடர்ந்து பொறிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சிட்டவற்றைப் பிரித்தறியப் பின்புறத்தில் இட்ட சிறு புள்ளிகளே வழி. எத்தனை புள்ளி, எங்கே என்பதைக் கொண்டுதான் ஒரு 1862 ரூபாய் சாதாரணமா, தேடப்படுவதா என்று நிர்ணயிக்கிறார்கள். பற்பசையும் பிரஷும் கொண்டு தேய்க்கும் கைக்கு அந்தப் புள்ளி ஒரு பொருட்டா? 1911ஆம் ஆண்டு ரூபாயின் கதை இன்னும் சுவையானது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் பொறித்த யானை, துதிக்கை குறுகிப் போனதால் பன்றிபோலத் தோன்றுகிறது என்று கலவரம் எழவே, அச்சிட்ட 94 லட்சம் ரூபாயில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டும் வெளியே போயிருக்க, மீதியை அரசாங்கம் நிறுத்தி உருக்கியது. 1912இல் துதிக்கையும் காதும் திருத்தமாக அமைந்தன. ஆண்டைப் பார்த்தே 1911ஐ அறியலாம் என்றாலும், வாங்குகிறவர் பணம் கொடுப்பது அந்தப் பன்றி யானை தெளிவாகத் தெரிவதற்காகவே. மேலெழும்பிய அந்தச் சிறு உருவந்தான் துணி பட்டதும் முதலில் மழுங்குவது. 1940 முதல் வெளிவந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் நூற்றுக்கு ஐம்பதே வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. மேற்பரப்பின் வெண்மையை ஓயாமல் தேய்த்தால் அடியிலுள்ள மங்கலான மஞ்சள் தலைநீட்டும், வீட்டார் அதைக் கள்ள நாணயம் என்று ஐயுற்று அரைவிலைக்குத் தள்ளிவிடுவார்கள்.

இந்த ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சேதத்தையும் குறிப்பிடவேண்டும். விஷுவுக்கு முந்தின இரவு, கனி வைக்கும் உருளியோடும் விளக்கோடும் சேர்த்து அதில் வைக்கும் நாணயங்களையும் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது பல வீடுகளின் வழக்கம்; விடியற்காலையில் கண் விழித்ததும் காண்பது ஒளியாக இருக்கவேண்டும் என்பது மங்கலமான எண்ணம், அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே இரண்டு மூன்று நாணயங்கள் அந்தச் சடங்குக்கு உட்பட்டிருந்தால், அவை பேரனிடம் வரும்போது வெறும் வட்டமாக வந்துசேர்கின்றன. அவற்றை விற்க நினைப்பதைவிடக் கனிக்கே என்றென்றும் வைத்துக்கொள்வது உத்தமம்.

பொன்னைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, பொன் கறுப்பதில்லை. அனந்தராயன் பணம் என்னும் பொற்காசின்மேல் சிவந்தோ மங்கியோ எதுவும் தெரிந்தால், அது குங்குமமாகவோ, கலவைச் செம்பின் நிழலாகவோ இருக்கும். பொற்காசுக்கு ஆபத்து, அதைத் தட்டாரிடம் கொடுத்து மெருகேற்றுவதிலும், காசுமாலைக்காக ஒட்டிய வளையத்தை அறுத்து அரம் போட்டு அடையாளத்தை மறைப்பதிலும் இருக்கிறது. வளையம் ஒட்டிய தடம் ஒரு குறைதான். மறைத்த தடம் அதைவிடப் பெரிய குறை, ஏனெனில் அது மறைவதில்லை. இங்கே ஒரு சரித்திர உதாரணம் தகும். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் மிகப்பெரும்பாலானவற்றின் மேல், சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் போட்ட வெட்டு உண்டு. காசைச் செலாவணியிலிருந்து நீக்குவதற்காக ஓர் அரசு இட்ட வெட்டு என்றும், உட்பொருள் பொன்தானா என்று சோதித்த வெட்டு என்றும் அறிஞர்கள் வாதாடி வருகிறார்கள். கையில் கிடைத்தவர் அதைச் சேதம் என்று கருதித் தட்டி நிரப்பச் சொல்லியிருந்தால், ரோமாபுரியின் பொன் தமிழ்நாட்டில் என்ன கதியடைந்தது என்ற கேள்வியே பிறந்திராது.

சான்று என்னும் பேச்சு வந்ததால் டி.டி. கோசாம்பியை நினைக்காமல் இருக்க முடியாது. கணிதப் பேராசிரியரான அவர், தட்சசீலத்தில் புதையலாகக் கிடைத்த முத்திரை வெள்ளிக்காசுகளை ஆயிரக்கணக்கில் எடைபோட்டு, கைமாறிக் கைமாறித் தேய்ந்த அளவைக் கொண்டே எது முந்தியது எது பிந்தியது என்று கணிக்கும் முறையை 1940களில் நிலைநாட்டினார். மில்லிகிராம் அளவிலான வேறுபாட்டில் ராஜவம்சங்களின் வரிசை அடங்கியிருக்கிறது என்றால், திராவகத்தில் முக்கி எடுத்த காசு அந்த ஆராய்ச்சிக்குள் நுழையவே தகுதியற்றது. கைபட்டுத் தேய்ந்ததா, அமிலம் தின்றதா என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசுக்கும் இயலாது. கிராமில் மூன்றிலொரு பங்கு எடையுள்ள சக்கரத்துக்கு இது இன்னும் பலமடங்கு பொருந்தும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாகக் கேட்கவேண்டும். துலக்காமலே இருந்திருந்தால் தமிழகத்தின் சங்ககாலச் சரித்திரம் எத்தனை இழந்திருக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். அது வலுவான கேள்வி. 1951இல் திருவனந்தபுரத்திலேதான் பிறந்த தினமலர் பத்திரிகையின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்ற பெயர் பொறித்த சதுரச் செப்புக்காசை 1980களில் வெளிப்படுத்தியதும், மாக்கோதை, கொல்லிரும்பொறை ஆகிய பெயர்களைக் கரூர்ப் பக்கத்து நாணயங்களில் படித்ததும், ஆற்று மணலிலும் வண்டலிலும் இறுகிக் கிடந்த காசுகளின் மேற்போர்வையை விலக்கித்தான். பட்டணம் என்னும் ஊரின் அகழாய்வில் கிடைத்த சேரர் காசுகளையும் அப்படியே படிக்க இயலாது. சென்னை எழும்பூர் அரசாங்க அருங்காட்சியகத்தில் 1930இல் நிறுவிய ரசாயனப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் எஸ். பரமசிவன், களிம்பேறிய வெண்கலப் பொருள்களை மின்பகுப்பு முறையால் மீட்டெடுத்தார். லண்டன் பிரிட்டிஷ் மியூசியமோ, முதல் உலகப் போரின்போது சுரங்கப்பாதையில் ஒளித்துவைத்த பொருள்கள் ஈரத்தால் கெட்டதைக் கண்டு, அலெக்ஸாண்டர் ஸ்காட் என்ற ரசாயனரைத் தருவித்து ஆய்வுக்கூடமே தொடங்க நேர்ந்தது. கண்ணாடிப் பேழைக்குள் நாம் கண்டு வியக்கும் புதையற் காசுகளில் கைபடாதது ஒன்றுகூட இராது. அப்படியிருக்க, சேகரிப்பாளர்கள் ‘தொடாதே, தொடாதே’ என்று கூவுவதில் சற்றுப் பாசாங்கும் இருக்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். திறமையாகத் துலக்கியதை அவர்களே கண்டுபிடிக்காமல் நல்ல விலைக்கு வாங்கிப்போவதும் உண்டு.

ஆயினும் ஆய்வுக்கூடத்தான் துலக்குவதும் விற்கவருபவர் துலக்குவதும் ஒன்றாகா. முன்னவர் நிழற்படம் எடுத்து, எடை குறித்து, மேற்படலத்தில் துணியின் தடமோ பானையின் மண்ணோ இருக்கிறதா என்று நோக்கி, நுண்பெருக்கியின் கீழே ஊசி முனையால் மயிரிழை மயிரிழையாக இறங்குகிறார். எழுத்து வெளிப்பட்டதும் நிறுத்துகிறார். பின்னவர் அழகுக்காகத் துலக்குகிறார், அழகு எங்கே முடிகிறது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மேலும், துலக்கிய நாணயம் வாங்குகிறவரின் மனத்தில் சந்தேகத்தை விதைக்கிறது. வார்ப்படத்தில் செய்த போலிக் காசுகளின் மேற்பரப்பு நுண்துளைகளோடு மொழுமொழுவென்றிருக்கும். அமிலம் தின்ற அசல் காசின் மேற்பரப்பும் ஏறத்தாழ அப்படித்தான். போலியைப் பழையதாகக் காட்டக் கந்தகம் பூசுவோரும், சாணத்தில் புதைப்போரும் சந்தையில் உண்டு. ஆகவே தேய்த்துவிட்டோமே என்று அஞ்சி, யாரோ சொன்ன யோசனைப்படி மறுபடி கறுக்கச் செய்கிறவர், நேர்மையுள்ளவராயினும் அந்தக் கூட்டத்தாரின் கைவரிசையையே தம் நாணயத்தில் ஏற்றிவிடுகிறார்.

அமெரிக்காவில் வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த ஒன்று முதல் எழுபது வரையான தர அளவைப் பின்பற்றி, 1980களில் தோன்றிய பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய ஸ்தாபனங்கள் நாணயங்களைத் தரம் பிரித்துப் பெட்டியிட்டுத் தருகின்றன. துலக்கியது என்று கண்டால் அவை எண் தருவதில்லை. ‘துலக்கப்பட்டது’ என்ற குறிப்போடு திருப்பிவிடுகின்றன. எண் இல்லாத நாணயத்துக்கு ஏலத்தில் போட்டி இராது. இந்தக் கடுமை மிகையோ என்று சில சமயம் நினைத்ததுண்டு. ஆனால் தொலைவிலிருந்து படத்தைப் பார்த்தே வாங்குகிற காலத்தில், வாங்குகிறவருக்கு வேறு என்ன காப்பு இருக்கிறது?

அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா என்பார்க்குச் சில வார்த்தை. வடிநீரில், மின்கலத்துக்கு ஊற்றும் அந்த நீரிலேயே, நாணயத்தைப் பல மணி நேரம் கிடத்தி, தேய்க்காமல் எடுத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி உலர்த்துவதால் மண்ணும் சந்தனமும் பெரும்பாலும் தாமே கழன்றுவிடும். வெளிறிய பச்சை பூக்கும் செம்புக்கு இதையும் செய்யாமல் விடுவதே நலம். மலிவான ஆல்பங்களின் மிருதுவான பிளாஸ்டிக் உறை, நாளடைவில் பிசுபிசுவென்ற பச்சைப் பசையை நாணயத்தில் கக்குகிறது. இதைச் சுத்தமான அசிட்டோன் உலோகத்தைத் தொடாமல் கரைக்கும். நகப்பூச்சு அகற்றப் பெண்கள் வாங்கும் குப்பியில் இருப்பது சுத்தமான அசிட்டோன் அன்று, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். வெள்ளிக்கடைகளில் நகையை முக்கி எடுக்கும் திரவம், பெரும்பாலும் தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்தது. கருமையை நொடியில் எடுத்து, அதனோடு மேற்பரப்பின் ஆரைக்கோடுகளையும் எடுத்துவிடும். அலுமினியத் தாளும் சோடாவும் வைத்துச் செய்யும் முறை தேய்ப்பதைவிடச் சாதுவானது என்று பலர் பரிந்துரைப்பார்கள். படிந்த வண்ணத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதில் அதுவும் விதிவிலக்கல்ல. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பதைச் சாத்விகமான வழி என்று நம்புவோர் உண்டு. எண்ணெயிலும் அமிலம் இருக்கிறது, அதன் வேலை தாமதமே தவிர வேறில்லை.

விற்கவருபவர் செய்யத்தக்க உண்மையான காரியம் வேறொன்று. முடிச்சில் நாணயத்தோடு கிடக்கும் காகிதத் துண்டையும், எந்த வீட்டில் யாரிடமிருந்து வந்தது என்ற வாய்மொழியையும் எழுதி, நாணயத்தின் எடையையும் இருபுறப் படத்தையும் சேர்த்துச் சாதாரணக் காகித உறையில் இட்டு வைப்பது. இந்த விவரம் வாங்குகிறவருக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பதில் சொல்லும். நிலத்திலிருந்து கிடைத்த புதையல் கண்டெடுத்தவருக்கு அப்படியே உரியதாகிவிடாது. 1878இலேயே இயற்றிய இந்தியப் புதையல் சட்டமும், கேரளத்துக்கென 1968இல் இயற்றிய சட்டமும் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கக் கட்டளையிடுகின்றன. அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த காசின் மண்ணைக் கழுவிவிட்டால், அது பாட்டியின் பெட்டியில் இருந்ததா, பூமியில் இருந்ததா என்பதற்குச் சாட்சியே இல்லாமற்போகும். நேர்மையான குடும்பச் சொத்தும் அந்த ஐயத்தில் அகப்படும். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகிறபடியால், தரம்பிரிக்க அதை அமெரிக்காவுக்கு அனுப்பத் தனியாருக்கு வழியில்லை. திருவனந்தபுரத்தார் அத்தனை தூரம் போகவும் வேண்டாம்; நெடுமங்காட்டுக் கோயிக்கல் கொட்டாரத்தில் 1992 முதல் மாநிலத் தொல்லியல் துறையின் நாணயக் காட்சிசாலை இருக்கிறது. துலக்காத தம் சக்கரத்தையும் பணத்தையும் எடுத்துச்சென்று அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு சாலைக் கடைத்தெருவுக்குப் போகலாம்.